சிவப்பு அட்டையும் நாலு முட்டையும்

"…அது கல்லு இல்லண்ணே, முட்டை! கால கீழ வச்சுறாதீக. அப்புடியே நில்லுங்க. இப்ப பின்னாடி வாங்க… மெதுவா, மெதுவா."

தூக்கிய வலது காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டேன். வாயில் விசில், தலையில் தொப்பி, சட்டையில் 'ஏரிக் காவல்' என்று எழுதிய அட்டை. கயிற்றைத் தாண்டி ஓடிய நாயை விரட்டுவதற்காக நானும் கயிற்றைத் தாண்டியிருந்தேன். தலைக்கு மேலே இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டு சுற்றின. நாயைத் திட்டுகின்றன என்று நினைத்தேன். திட்டு வாங்கியது நான்தான்.

குனிந்து பார்த்தால் செருப்புக்கு அரை முழம் தள்ளி நாலு முட்டை. மண் நிறம், அதில் மை தெளித்தமாதிரி கறுப்புப் புள்ளி. சுற்றிலும் பொடிக்கல். கூடு என்று ஒன்றும் இல்லை. தரையில் லேசாக ஒரு குழி, அவ்வளவுதான்.

"மாசக் கணக்கா இதுக்குத்தாம்மா காவல் நின்னுகினு கீறேன். எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது" என்றேன்.

"நல்லாக் காத்தீக போங்க" என்றாள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்.

அவள் மண்ணூர் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, செல்போனுக்குப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் லைன் லீடராக வேலை பார்த்தாள். ஊர் ராமநாதபுரம் கடற்கரை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்புத்தண்ணி, நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. அதில்தான் அவள் அப்பா வலை காய வைப்பாராம். "எங்க ஊர்ல மணல்ல கால வச்சா பாத்துத்தான் வைப்போம்ணே. ஆலாக் குருவி முட்டை கெடக்கும், ஆமை முட்டை கெடக்கும். நீங்க என்னடான்னா பஸ் ஸ்டாண்டுல நடக்குற மாதிரி நடக்குறீக" என்றாள். யாராவது இப்படி ஒன்று சொன்னால் எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம். அதையே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிவேன். பஸ் ஸ்டாண்டு நடையையும் அப்படித்தான் என் வீட்டம்மாவிடம் சொன்னேன். "இத்தினி வருஷமா நானும் அதத்தானே சொல்லிக்கினு கீறேன்" என்றாள் அவள்.

எங்கள் பக்கம் கடல் கிடையாது. ஒரகடம் ரோட்டில் நின்றால் கண்டெய்னர் லாரிதான் அலை அலையாக வரும். ஆனால் எங்கள் ஏரியில் ஒரு பீச் இருக்கிறது. தூர் வாரியபோது அள்ளிய சவுட்டு மண்ணை ஏரியின் நடுவே நீளமாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். மழையில் அது படிந்து மணல் திட்டாகிவிட்டது. ஒரு பக்கம் பெரிய தண்ணீர், மறு பக்கம் முழங்கால் அளவு குட்டை. ஒரு வெயில் காலத்தில் யாரோ ஒரு பையன் அங்கே நின்று போட்டோ எடுத்து 'ஒரகடம் பீச்' என்று போட்டுவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கூட்டம். ரூமில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் தென்மாவட்டப் பையன்கள், ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து வருபவர்கள், பிள்ளை குட்டியோடு குடும்பங்கள். மாங்காய்ப் பத்தை, சுண்டல், பலூன் எல்லாம் வந்துவிட்டது. பைக்கைத் திட்டின் மேலேயே ஓட்டினார்கள். ஒருவன் டிரோன் பறக்கவிட்டான். அந்தத் திட்டில் பறவைகள் முட்டையிடுகின்றன என்பது யாருக்கும் தெரியவில்லை.

பிறகு வனத்துறை அம்மா ஒருவர் வந்து பார்த்தார். திட்டின் பாதியை மக்களுக்கு விட்டு, மறு பாதியைக் கயிறு கட்டித் தடுத்தார்கள். கரையில் கேட்டும் போர்டும் வந்தன. வண்டி கூடாது, நாய் கூடாது, பட்டாசு கூடாது, டிரோன் கூடாது, கயிற்றைத் தாண்டக் கூடாது. பஞ்சாயத்தில் காவலுக்கு ஆள் தேடினார்கள். நான் பதினெட்டு வருஷம் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றவன். அந்தக் கம்பெனி இடம் மாறிப் போனதால் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "வுன்ன வுட்டா யாருபா?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

நான் தெரிந்த மாதிரிதான் வேலையைத் தொடங்கினேன். ஒரு ரிஜிஸ்டர் வாங்கிப் பெயர், ஊர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று கோடு போட்டேன். வாலாஜாபாத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், "இன்னா தல, பீச்சுக்கு கேட் பாஸா? எங்க ஆயாவுக்கு மெடிக்கல் டெஸ்ட்டும் எடுக்கணுமா?" என்று கேட்டார். அதுகூடப் பரவாயில்லை. முதல் நாள் முழுக்க நான் வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்தேன். கம்பெனியில் பொருள் வெளியேதானே போகும், பழக்கம் விடவில்லை. ஒரு அம்மா பையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டி, "பாருங்க சார், நல்லாப் பாருங்க. ஏரித் தண்ணியத்தான் மடிச்சு வச்சிக்கினு போறேன்" என்றார். அப்போதுதான் புத்தி வந்தது. மறுநாளிலிருந்து உள்ளே வருகிற பையைப் பார்த்தேன். பட்டாசு, பிளாஸ்டிக் தட்டு, ஒரு தடவை நாய்க்குட்டி எல்லாம் கிடைத்தன.

இருந்தும் கயிற்றை மதித்தவர்கள் குறைவு. பந்து போய்விட்டது என்பார்கள், செருப்பு பறந்துவிட்டது என்பார்கள். தலைவருக்கு மேலிடத்திலிருந்து கேள்வி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் கேட்டில் வந்து நின்று, "இங்க பாருபா. இனிமே ஒரு முட்ட ஒடைஞ்சாலும் மழ வர்ற வரைக்கும் கேட்ட பூட்டிடுவேன். குருவியும் நிம்மதியா இருக்கும், நானும் நிம்மதியா இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் முட்டையை மிதிக்கப்போன அந்த ஞாயிற்றுக்கிழமை, இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"பூட்டிட்டா நாங்க எங்குட்டுண்ணே போறது?" என்றாள்.

விடுதியில் அவளைத் தவிர நாற்பது பெண்கள். ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஆறு வரை மட்டும் வெளியே போகலாம். கடைத்தெருவுக்கு என்றால் வார்டன் மேடம் விடமாட்டார். ஏரிக் கரையில் காவல் இருக்கிறது, கேட் இருக்கிறது, நேரம் எழுதுகிறார்கள் என்று இவள்தான் பேசிப் பேசி, எல்லோருக்கும் தான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு அனுமதி வாங்கியிருந்தாள். என் ரிஜிஸ்டருக்கு இப்படி ஒரு பயன் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"லைன்ல ஜன்னல் கெடையாதுண்ணே. ரூம்ல ஜன்னல் இருக்கு, தொறந்தா பக்கத்து ஆஸ்டல் சுவரு. வாரத்துல ரெண்டு மணி நேரம் இங்குட்டு வந்துதான் மானத்தப் பாக்குறோம்" என்றாள். பிறகு முட்டை இருந்த பக்கம் திரும்பி, "பொரிக்க இன்னும் மூணு நாலு வாரம் ஆகலாம். அதுவரைக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது" என்றாள், குருவிகளுக்கே உத்தரவு போடுகிறமாதிரி.

ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்காக நான் ஒரு காரியம் செய்தேன். முட்டை இருக்கும் இடத்தில் போர்டு வைக்க வேண்டாம், வைத்தால் போட்டோ எடுக்க வருவார்கள் என்று வனத்துறை அம்மா சொல்லியிருந்தார். சரி, எழுத்துத்தானே கூடாது, நிறம் கூடாது என்று சொல்லவில்லையே என்று யோசித்தேன். பழைய கம்பெனி நண்பர் ஒருவர் இப்போது வேறொரு இடத்தில் ஸ்டோரில் இருக்கிறார். அவரிடம் நூல் கோத்த சிவப்பு அட்டை ஒரு பிடி வாங்கிவந்தேன். முட்டையிலிருந்து பத்தடி தள்ளி நாலு மூலையிலும் குச்சி நட்டு, குச்சிக்கு ஒரு அட்டை கட்டினேன். சிவப்பு என்றால் நில் என்பது ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும். யாரிடமும் கேட்கவில்லை. எனக்கே என் கெட்டிக்காரத்தனம் பிடித்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு தொழிற்சாலையிலிருந்து முப்பது பேர் ஏரியைச் சுத்தம் செய்ய வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நிற டீ-சர்ட், கையுறை, சாக்கு, பல் வைத்த மண்வாரி. நல்ல பிள்ளைகள். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள். "கயித்த மட்டும் தாண்டாதீங்கப்பா" என்று சொல்லி உள்ளே விட்டேன். பெயர் எழுதி முடிக்கவே அரை மணி ஆனது. கடைசிப் பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது விடுதிப் பெண்கள் கரையில் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்த ராமநாதபுரத்துப் பெண் என்னைத் தாண்டித் திட்டைப் பார்த்தாள்.

"அண்ணே, அவுக அங்க என்ன பண்றாக?"

நிமிர்ந்தேன். பத்துப் பதினைந்து பேர் கயிற்றுக்கு உள்ளே இருந்தார்கள். என் நாலு குச்சிகளைச் சுற்றித்தான் நின்றார்கள். ஒருவன் ஒரு குச்சியைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுவிட்டான். இன்னொருவன் மண்வாரியோடு நடுவில் நடந்துகொண்டிருந்தான். ஆள்காட்டிகள் இரண்டும் அவன் தொப்பியில் இடிக்கிறமாதிரி பாய்ந்து பாய்ந்து கத்தின. நான் விசிலை ஊதினேன். அவர்கள் திரும்பிப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள். மறுபடி ஊதினேன். மறுபடி ஆட்டினார்கள்.

அந்தப் பெண் ஒரு மூச்சு இழுத்தாள். "ஹோல்ட்!" என்று கத்தினாள்.

மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஏரி முழுக்கக் கேட்டது. முப்பது பேரும் அப்படியே நின்றார்கள். குனிந்தவன் குனிந்தபடி, சாக்கைத் தூக்கியவன் தூக்கியபடி. மண்வாரிக்காரன் வாரியை ஓங்கிய கையோடு சிலையாக நின்றான். சுண்டல் விற்கிறவர்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். லைனில் அந்தச் சொல் விழுந்தால் எதற்கு என்று கேட்கிற வழக்கமே கிடையாதாம். முதலில் கை நிற்க வேண்டும், காரணமெல்லாம் பிறகுதான்.

இரண்டு பேரும் ஓடினோம். வாரியின் பல்லுக்கு இரண்டடி தள்ளி நாலு முட்டையும் அப்படியே இருந்தன.

"சாரிக்கா" என்றான் மண்வாரிக்காரன். விருதுநகர்ப் பக்கத்துப் பையன், வேர்த்துப்போய்விட்டது. "ரெட் டேக் போட்டிருந்துச்சு. ஸ்கிராப்னு நெனச்சோம். கயித்துக்கு உள்ள இருக்கேன்னு இவன் கேட்டான். டேக் போட்டு வச்சதே நமக்காகத்தான்டானு நான்தான் சொன்னேன்."

"யாரு கட்டுனது?" என்று கேட்டாள் அவள்.

"நான்தாம்மா" என்றேன்.

பதினெட்டு வருஷமும் நான் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருக்கிறேன். லைனுக்குள்ளே சிவப்பு அட்டை என்றால், 'இது ஆகாது, அள்ளிக்கொண்டு போ' என்று அர்த்தம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவள் என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை.

"உசுரோட இருக்குற நாலு முட்டையையும் ரிஜெக்ட் பண்ணிட்டீகளேண்ணே! அந்தக் குருவி கேட்டா என்ன பதில் சொல்லுவீக?"

மறுநாள் ஷிப்ட் முடிந்து போகிற வழியில் விடுதி வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தி, மஞ்சள் அட்டை நாலு கொடுத்துவிட்டுப் போனாள். மஞ்சள் என்றால் ஹோல்ட். நல்லதா கெட்டதா என்று முடிவு தெரியும்வரை யாரும் தொடக் கூடாது. அதைக் கட்டிய பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுகிறேன். போர்டை மதிக்காதவர்கள், விசிலை மதிக்காதவர்கள், என்னை எப்போதுமே மதிக்காதவர்கள், அந்த உள்ளங்கை அளவு மஞ்சளைப் பார்த்ததும் நின்றார்கள். பந்து உள்ளே போய்விட்டால், "டேய், ஹோல்ட் ஏரியாடா, போனது போகட்டும்" என்று வேறு பந்து எடுத்தார்கள். வாரம் ஆறு நாளும் கை பழகிய வழக்கம் ஏழாம் நாளிலும் கூடவே வந்தது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. மத்தியானத்தில் ஆள்காட்டி ஒன்று தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைமேல் உட்காரும். அது எழுந்தால் மற்றது வரும். "ரெண்டும் ஷிப்ட் பாக்குது" என்றார் மாங்காய்ப் பத்தைக்காரர். "ரிலீவர் வராம எடத்த வுட்டு நவுறல பாரு. நம்ம ஆளுங்க கத்துக்கணும்."

அடுத்தடுத்த இரண்டு ஞாயிறு பழுதில்லாமல் போயின. மூன்றாவது ஞாயிறு, பள்ளிக்கூட லீவு. என்றும் இல்லாத கூட்டம். தலைவரும் வந்து கேட்டில் நின்றுகொண்டார்.

"இவ்ளோ ஜனமா? தாங்காதுபா. இன்னியோட பூட்டிடலாம்" என்றார்.

விடுதிப் பெண்கள் அப்போதுதான் கேட்டுக்கு உள்ளே நுழைந்திருந்தார்கள். அவளும் அதைக் கேட்டாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆள்காட்டி வேறு மாதிரிக் கத்தியது. பாய்ந்து திட்டுகிற கத்தல் இல்லை. யாரையோ கூப்பிடுகிறமாதிரி சின்னச் சின்னதாக. பார்த்தால், கயிற்றுக்கு அடியில் பஞ்சு உருண்டைமாதிரி ஒன்று வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒன்று. அன்றைக்குப் பொரித்த குஞ்சுகள். தாய் முன்னால் நடந்தது. கோரை இருந்த தண்ணீர் ஓரத்துக்குப் போக வேண்டும்போல. வழி நேராக மக்கள் பக்கத்துத் திட்டின் குறுக்கே போனது. அங்கே கிரிக்கெட், பலூன், ஓடுகிற பிள்ளைகள், நூறு நூற்றைம்பது கால்கள்.

எல்லா விதியும் கயிற்றுக்கு உள்ளே மனிதன் போகக் கூடாது என்றுதான் இருந்தது. கயிற்றைத் தாண்டிக் குருவி வெளியே வந்தால் என்ன செய்வது என்று போர்டில் இல்லை. நான் விசிலை வாயில் வைத்தேன்.

"ஊதாதீகண்ணே" என்று என் கையைப் பிடித்தாள். "சத்தம் போட்டா குஞ்சு அங்கேயே படுத்துக்கிரும். மண்ணும் அதுவும் ஒண்ணாத் தெரியும், மிதிச்சுருவாக."

"அப்ப இன்னாம்மா பண்றது?"

"ஆமைக் குஞ்சு கடலுக்குப் போறப்ப எங்க ஊர்ல என்ன பண்ணுவோமோ, அதுதான்."

நடந்து போனாள். குஞ்சுகளுக்கு இருபதடி தள்ளி, கூட்டத்தைப் பார்த்தபடி நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே போன நாற்பது பெண்களும் ஒருத்திக்குப் பக்கத்தில் ஒருத்தியாக உட்கார்ந்தார்கள். பேட்டோடு நின்ற ஒருவன், "இன்னாக்கா, தர்ணாவா?" என்று கேட்டான். ஒரு பெண் வாயில் விரலை வைத்துக் கண்ணால் காட்டினாள். அவன் பார்த்தான். பேட்டைக் கீழே வைத்தான், உட்கார்ந்தான். அவனைப் பார்த்து அவன் கூட்டாளிகள், அவர்களைப் பார்த்துக் குடும்பங்கள். பலூன்காரரும் பலூன்களை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பெரிய கல்யாணப் பந்தி இலைக்குக் காத்திருக்கிறமாதிரி திட்டு முழுக்க ஜனம் உட்கார்ந்திருக்க, நடுவே விட்ட வழியில் அந்த மூன்றும் தடுக்கி விழுந்து, எழுந்து, தாயின் காலுக்குப் பின்னால் போயின. கோரைக்குள் மூன்றாவது மறைந்தபோது யாரும் கைதட்டவில்லை. ஒரு பெரிய மூச்சுமட்டும் கேட்டது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பூட்ட வேணாம்பா" என்றார். "தொறந்தே இருக்கட்டும். இவங்களே பாத்துப்பாங்க."

நான் அதைச் சொல்ல ஓடினேன். ஜனம் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள்மட்டும் எழுந்திருக்கவில்லை.

"பூட்டலயாம்மா!" என்றேன்.

சிரித்தாள். ஆனால் கண் கயிற்றுக்கு உள்ளேயே இருந்தது. மற்ற ஆள்காட்டி இன்னும் அந்தக் குழியை விட்டு நகரவில்லை. "நாலாவது இன்னும் வரலண்ணே" என்றாள்.

அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. "அக்கா, நேரமாச்சு, மேடம் கத்துவாங்க" என்று பெண்கள் அவசரப்பட்டார்கள். "நீங்க கெளம்புங்கடி" என்றாள். அவர்கள் கேட்டைத் தாண்டும்வரை திரும்பி நின்று எண்ணினாள். பிறகு போனை எடுத்தாள். "மேடம், நாப்பது பேரும் வந்துக்கிட்டிருக்காக. நான் மட்டும் லேட்டு. என் பேரை எழுதிக்கங்க" என்று சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருமுன்னே போனை மணலில் கவிழ்த்து வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.